திருடிய கிளை

நிக்கோலாசா போஹோர்கேஸ் முப்பத்தொரு வருஷம் சர்க்கார் அதிகாரியாகக் கடை கடையாகத் தராசு சோதித்தவள். எர்மோசியோ நகரத்தில் அவள் தலை தெருமுனையில் தெரிந்தாலே கறிக்கடைக்காரன் எடைக்கல்லைத் துடைக்க ஆரம்பிப்பான். எந்தக் கடையிலும் ஓசியில் ஒரு தொர்தியா ரொட்டி தின்றதில்லை. அப்பேர்ப்பட்ட மகராசிக்கு, ஓய்வு பெற்றபின் ஒரு செடி வளர்க்கத் தெரியவில்லை.

நாற்பத்தைந்து டிகிரி கொளுத்துகிற ஊர். அவளோ மலைநாட்டுக் காலண்டர் படத்தைப் பார்த்து, குளிரில் வளர்கிற ஹைட்ராஞ்சியாப் பூச்செடியும் பெரணியுமாக வாங்கி வந்தாள். அளவுக் குவளையில் காலை ஒன்று, மாலை ஒன்று தண்ணீர். ஒரே வாரத்தில் எல்லாம் அப்பளமாக நொறுங்கின. எதிர்வீட்டு எவாங்கலீனாவின் வாசலிலோ நித்திய கல்யாணி, டேபிள் ரோஸ், உண்ணிப்பூ எல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுக் கூத்தாடின. பார்க்கப் பார்க்க நிக்கோலாசாவுக்கு வயிறு எரிந்தது.

அந்த வருஷம் அவளுக்குப் பூ வேண்டும். ஜூன் இருபத்து நாலு, புனித யோவான் திருநாளன்று, அவர் சொரூபத்தைக் கோயிலிலிருந்து தூக்கிவந்து முறை வந்த வீட்டு வாசலில் இறக்குவார்கள். அந்த வாசல் மண்ணிலேயே பூத்த பூ இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்தத் தெருவுக்கு வந்து பதினோரு வருஷம் கழித்து முதல்முறையாக அவள் முறை. தெரு அவளை இன்னும் ‘தராசுக்காரி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பாதிப் பேரின் கடையைச் சோதித்தவளை யார் கூப்பிட்டு வைத்துக் காப்பி கொடுப்பார்கள்? சாமி ஒருமுறை வாசலில் இறங்கிவிட்டால் தெருவும் இறங்கிவரும் என்று நம்பினாள், பாவம்.

மே மாதம் முதல் வாரம் எவாங்கலீனாவிடம் போய் நின்றாள்.

“ரெண்டு கிளை கொடுங்க. முறையா கேக்கறேன்.”

“முறையா கேட்டா முறையா பட்டுப்போகும்டீ! மூணு தடவை கொடுத்தேன், மூணையும் கொன்னே. கிளையை வாங்கப்படாது, திருடணும். திருடினாத்தான் பிடிக்கும். இந்தத் தெருவுல எவ தோட்டமும் அப்படி வந்ததுதான்.”

“நானா? திருடறதா?”

“சரி, நான் தூங்கறேன்.” எவாங்கலீனா நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டாள்.

“நீங்க தூங்கலை. ஒரு கண்ணு திறந்திருக்கு.”

“அது அப்படித்தான் தூங்கும். சீக்கிரம் திருடித் தொலைடீ, கழுத்து வலிக்குது!”

நிக்கோலாசா வெறுங்கையோடு திரும்பினாள்.

மூன்றாம் நாள் ரெமேதியோஸின் ரொட்டிக்கடை வழியாகப் போனாள். நாற்பது கிராம் குறைந்ததற்காக ஒருகாலத்தில் அவளே மூன்று நாள் பூட்டிய கடை. சுவருக்கு மேலே உண்ணிச்செடி எட்டிப் பார்த்தது. கை தானாகப் போனது. ‘டக்’ என்று ஒரு கிளை. அறுபத்து நாலு வயதில், கிளையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தெருவில் ஓடினாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விக்கல் எடுக்கும் வரை சிரித்தாள்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? பல் வைத்தியர் வாசலில் நித்திய கல்யாணி, கோயில் பூந்தொட்டியில் டேபிள் ரோஸ், கடைசியில் எவாங்கலீனா வாசலிலும் கைவைத்தாள். நட்டதோடு சரி. குனிந்து தண்ணீர் ஊற்றினால் தெரு கண்டுபிடித்துவிடுமே என்று கிட்டவே போகவில்லை. நாலு நாளைக்கு ஒருதரம், பாத்திரம் அலசிய தண்ணீரைத் தற்செயலாகக் கொட்டுவதுபோல் கொட்டினாள். வெயிலில் வாழ்கிற செடிக்கு வேறென்ன வேண்டும்? கால் ஈரமில்லாமல், தலையில் சூரியனோடு, அவை மளமளவென்று கிளைத்தன.

திருநாள் காலை பத்து மணிக்கு, அன்றைய வழக்கப்படி வாளி வாளியாக ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வீசிக்கொண்டு, நனைந்த கூட்டம் சொரூபத்தோடு வந்தது. அவள் வாசல் முழுக்கப் பூ.

“அட, இது என் பூவாச்சே!” என்றார் பல் வைத்தியர்.

ரெமேதியோஸ் குனிந்து பார்த்தாள். “மஞ்சளும் ரோஸும் கலந்த இந்த உண்ணிப்பூ என் சுவத்துல மட்டுந்தான் உண்டு.”

நிக்கோலாசா முன்னால் வந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“ஆமா. எல்லாமே திருட்டு. நாந்தான்.”

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அப்புறம் தெருவே சிரித்தது.

“அப்புறமென்ன, சாமியை இறக்குங்கப்பா!” என்று எவாங்கலீனா கத்தினாள்.

இறக்கினார்கள். நிக்கோலாசா தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. ஜெபம் தொடங்கி எல்லோரும் தலை குனிந்தபோது, ரெமேதியோஸின் கை மெதுவாக நித்திய கல்யாணிப் பக்கம் நீள்வதை அவள் பார்த்துவிட்டாள். முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் அதட்ட வாய் திறந்தது. ‘டக்’கென்று கிளை ஒடிந்தது. தன் வீட்டிலும் திருட ஆள் வந்தாயிற்று என்று நெஞ்சு குளிர்ந்துபோய், சொட்டச் சொட்ட நின்றபடியே நிக்கோலாசா குறட்டை விட்டாள்.

பக்கத்திலிருந்து எவாங்கலீனா இடித்தாள். “அடியே, ரெண்டு கண்ணையும் மூடு!”