தண்டவாளத்துக்கு வடக்கே ஒரு எம்.பி.

வீடு மாறுகிறவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக மாறுவார்கள், வேலைக்காக மாறுவார்கள், வீட்டுக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டு மாறுவார்கள். நாங்கள் ஒரு எம்.பி.க்காக மாறினோம். மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் பக்கம் ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே வெயில் விழுகிற நல்ல வீடு ஒன்றில் இருந்தோம். அதை விட்டுவிட்டு, சின்ன மகளையும் தூக்கிக்கொண்டு, வடக்கே சுவர் முழுக்க ஈரம் ஊறுகிற ஒரு வீட்டுக்குப் போனோம். அப்போது இரண்டு தொகுதிகளுக்கு நடுவே தண்டவாளம்தான் எல்லை. யோசனை என் கணவருடையது. ஈரச் சுவரைத் துடைத்தது நான்.

எல்லாம் என் தம்பிக்காக. அவன் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வர்த்தகமும் கணக்குப்பதிவும் படிப்பித்துக்கொண்டிருந்தான். மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். எங்களைப் போலத் தானும் ஆஸ்திரேலியாவுக்கு வர விண்ணப்பித்தான். முடியாது என்று பதில் வந்தது. ஏன் என்று எழுதவில்லை.

ஏன் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அந்த நாட்களில் இலங்கையில் ஒருவனுக்குப் பியோன் வேலை வேண்டுமென்றாலும் எம்.பி.யின் கையெழுத்தோடு ஒரு துண்டு வேண்டும். இடமாற்றத்துக்கும் துண்டு, சீமெந்துக்கும் துண்டு. துண்டு கிடைக்க வேண்டுமென்றால் தேர்தலில் அவருக்கு வேலை செய்திருக்க வேண்டும். அதனால் தம்பியை மறுத்துவிட்டார்கள் என்றதும் என் கணவர் ஒன்றைத்தான் சொன்னார்.

"ஆளைப் பிடிக்கேல்லை. அதுதான் விஷயம். ஆளைப் பிடிக்கவேணும்."

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் மின்விசிறிக்கு வயர் பொருத்திக்கொண்டிருந்த மால்டாக்காரி, தன் தாயைக் கூப்பிட வடக்குப் பக்கத்து எம்.பி. அமைச்சருக்கு எழுதினார் என்றும் தாய் வந்து சேர்ந்துவிட்டா என்றும் சொல்லியிருந்தாள். இதை நான் வீட்டில் சொன்னது சாதாரணப் பேச்சாகத்தான். அடுத்த மாதமே என் கணவர் வடக்கே வீடு பார்த்துவிட்டார்.

அவருக்குத் தொகுதி என்றால் பைத்தியம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கோப்பாய்த் தொகுதியின் எல்லை எந்த ஒழுங்கையால் போய் எந்த மதகில் திரும்புகிறது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். இங்கே வந்து ஆறு மாதம் கழிந்ததும் எங்கள் பெயரும் வாக்காளர் இடாப்பில் ஏறியது. பிரித்தானியப் பிரஜைகள் என்ற வகையில் ஏற்றினார்கள். நாங்கள் விட்டு வந்த நாடு குடியரசாகிவிட்டது. ஆனால் இங்கே நாங்கள் இன்னும் மகாராணியின் ஆட்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வாக்களிக்காவிட்டால் தண்டம் வரும் என்று மட்டும் சொன்னார்கள்.

பண்டகசாலையில் வேலை முடிந்து வந்தால் அந்த மனிதர் நூலகத்தில் போய் இருந்து வடக்குத் தொகுதியின் சரித்திரத்தைப் படித்தார். வந்து குசினியில் என்னிடம் ஒப்புவித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வெட்டிய தொகுதி அது. அப்போது கோவாவும் மற்ற மரக்கறியும் விளைகிற தோட்டமும் மாட்டுப் பட்டியும்தான். தோட்டக்காரர்களின் கட்சி அசையாமல் வைத்திருந்தது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன, எங்களைப் போன்ற சனம் வந்தது, சனம் கூடக் கூட எல்லையைச் சுருக்கினார்கள். ஒரு முறை கிழக்கே இருந்த பழத்தோட்டப் பக்கத்தை வெட்டி எடுத்தார்கள், அதோடு தொகுதி மற்றக் கட்சியின் கைக்குப் போனது. அதுவும் முதல் வாக்கில் இல்லை. வாக்குச் சீட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் உள்ள பெட்டியில் விருப்ப வரிசைப்படி இலக்கம் போட வேண்டிய நாடு இது. தோற்றவனின் இரண்டாவது, மூன்றாவது இலக்கங்களைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் எங்கள் ஆள் வென்றார். எங்கள் ஆள் என்றுதான் என் கணவர் சொல்லுவார். அவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை.

இங்கே மகாராணியின் பிரதிநிதி பிரதமரைப் பதவியிலிருந்து தூக்கிய அந்த வருஷம் மார்கழியில் தேர்தல் வந்தது. இங்கே மார்கழிதான் கோடை, நெருப்பு வெயில். என் கணவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று, எந்தப் பெட்டிக்கு எந்த இலக்கம் போடவேண்டும் என்று அச்சடித்த அட்டைகளைக் காலையிலிருந்து மாலைவரை கொடுத்தார். நான் வடை சுட்டுக் கொண்டுபோனேன். பக்கத்தில் தாய்மார் பள்ளிக்கூட நிதிக்காகக் கேக் விற்றார்கள். எம்.பி. வந்து கை குலுக்கி, வடை ஒன்று சாப்பிட்டு, உறைப்பில் கண் கலங்கி நின்றார். என் கணவருக்கு அது போதும்.

எம்.பி. மயிரிழையில் தப்பினார். அவருடைய கட்சி படு தோல்வி. அமைச்சர்கள் எல்லாம் மற்றப் பக்கத்து ஆட்கள். இதில் இவர் கடிதம் எழுதி என்ன ஆகும் என்று நான் கேட்டேன். எம்.பி. என்றால் எம்.பி.தான் என்றார் கணவர்.

எம்.பி. அமைச்சருக்கு எழுதினார், இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல தாளில் எழுதினார். அமைச்சரின் அலுவலகத்திலிருந்து பதில் வரும், அதன் பிரதியை எங்களுக்கு அனுப்புவார். விஷயம் கவனத்தில் உள்ளது. சில மாதம் கழித்து இன்னொன்று. விஷயம் மீண்டும் பரிசீலிக்கப்படுகிறது. ஒவ்வொன்று வரும்போதும் என் கணவர் கொழும்புக்கு நீல ஏரோகிராம் எழுதுவார். அலுவல் நடக்கிறது, எம்.பி. எங்கள் பக்கம், அவசரப்பட்டு வேறெங்கும் போய்விடாதே.

தம்பிக்கு அந்தக் காலத்தில் சாம்பியாவில் ஒரு பள்ளிக்கூட வேலை வந்தது. ஒப்பந்தம், வீடு, குடும்பத்துக்குப் பயணச் செலவு. அவனோடு படித்தவன் அங்கே இருந்து எடுத்துக் கொடுத்தான். தம்பி வேண்டாமென்று சொல்லிவிட்டான். மெல்பேர்னில் அக்காவும் எம்.பி.யும் இருக்கும்போது ஆபிரிக்கா எதற்கு?

பிறகு கொழும்பில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. தம்பி இருந்த வாடகை வீட்டுக்குள் புகுந்து சாமான்களை உடைத்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அகதிகளோடு கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான். அங்கே மனைவி வீட்டு விறாந்தையில் படுக்கை. பள்ளிக்கூடமும் இல்லை, சம்பளமும் இல்லை. சாம்பியாவில் இருந்த நண்பன் மறுபடி எழுதினானாம், புது வருஷத் தவணைக்கு ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று. தம்பி எனக்கு எழுதினான்: "அக்கா, போகட்டோ, இருக்கட்டோ? நீ சொல்லு. உன்ர சொல்லுக்குத்தான் இருக்கிறன்."

அந்தக் கடிதம் வந்த நேரத்தில்தான் தொகுதிகளுக்கு மறுபடி கோடு போட்டார்கள். புதிய வரைபடத்தைத் தபால் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வேலையால் வரும் வழியில் என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நானே கண்டேன். விரலை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

எல்லை இனித் தண்டவாளம் இல்லை. எங்கள் ஈர வீடும் அதைச் சுற்றிய தெருக்களும் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டன. எங்கள் எம்.பி.க்குத் தெற்கே ஒரு துண்டைக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் விட்டு வந்த வெயில் வீடு அந்தத் துண்டுக்குள் இருந்தது.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரச் சுவரோடு கிடந்து மகளுக்கு மூச்சு இழுப்பு வந்திருந்தது.

என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகக் கேட்டார்.

"இஞ்சரும், அந்தப் பழைய வீடு இப்ப சும்மா கிடக்குதோ தெரியேல்லை. ஒருக்கா விசாரிப்பமே?"

"விசாரியுங்கோ. நானும் பிள்ளையும் வரமாட்டம். நீங்களும் உங்கட எம்.பி.யும் போய் இருங்கோ."

அவர் பிறகு சாப்பிடவில்லை.

தேர்தலை அறிவித்தார்கள், அதுவும் மார்கழியில், ஒரு சனிக்கிழமை. புதிய எல்லை அந்தத் தேர்தலோடுதான் நடைமுறைக்கு வரும், அதுவரை அவர்தான் எங்கள் எம்.பி. என்பதைக் கணவரே எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இவ்வளவு வேலை செய்த ஆளிடம் கணக்குக் கேட்பதா என்று கூச்சம். நான் எம்.பி.யின் அலுவலகத்துக்கு இரண்டு தரம் போனேன். காரியதரிசிப் பெண், அவர் தெற்குப் பக்கம் புதிய வாக்காளர்களைச் சந்திக்கப் போயிருக்கிறார் என்றாள். சரி என்று நானும் தெற்குப் பக்கம் போனேன்.

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில், மரக்கறிக் கடை வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தொழிற்சாலை மேலங்கியோடு போய் முன்னால் நின்றேன். அவருக்கு என் முகம் நினைவு இருந்தது, பெயர் இல்லை. வடையைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. என் தம்பியின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். உங்கள் தெரு இப்போது என்னிடம் இல்லையே என்றார்.

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கிறது" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவரோடு நின்றவன் சிரித்தான். எம்.பி.யும் சிரித்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தம்பிக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? அவன் வேறு வேலைக்குப் போக வேண்டும், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, எதுவென்றாலும் பரவாயில்லை என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். நம்பிக்கையை விட வேண்டாம், கோப்பைப் புதிய உறுப்பினரிடம் அனுப்பச் சொல்கிறேன் என்றார். பிறகு பழக்கத்தில் எனக்கும் ஒரு பிரசுரத்தைத் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் வந்த கிழவருக்குக் கை நீட்டினார்.

மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு நல்லதாய் இருந்திருக்கும்.

அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். தெற்குத் துண்டு அவரைக் கவிழ்த்துவிட்டது என்று கணவர் சொன்னார். அன்றைக்கும் கணவர் போய் அந்த எம்.பி.க்காகவே அட்டை கொடுத்தார். எங்கள் சொந்தத் தொகுதியில் இல்லை, எல்லையைத் தாண்டிப் போய்.

மார்கழிக் கடைசியில் வரும் நத்தார் விடுமுறைக்கு முன் நான் பக்கத்துத் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் மற்றக் கட்சி. அவருடைய முகத்தைச் சுவரில் இருந்த படத்தில்தான் பார்த்தேன். மேசையில் ஒரு இளம் ஆள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோப்பு ஒன்றும் வந்து சேரவில்லை. எப்போது இந்தத் தொகுதிக்கு வந்தீர்கள் என்று கேட்டான்.

"நாங்கள் வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள்" என்றேன்.

அவன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். வாயைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து, குடிவரவுத் திணைக்களத்தில் யாரையோ பிடித்து, தம்பியின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னான். காத்திருந்தான். நானும் கதிரை நுனியில் இருந்தேன். பிறகு வைத்துவிட்டு, கிடைக்காது என்றான்.

தாய் தகப்பன் என்றால் ஒரு வழி உண்டு. சகோதரம் அந்த வகைக்குள் வராது. தொழிலைக் கொண்டு வரவேண்டுமென்றால் வர்த்தக ஆசிரியர்கள் இங்கே தேவையில்லை. முதல் விண்ணப்பத்திலேயே இதுதான் முடிவு, அதன் பிறகு ஒன்றும் மாறவில்லை என்றான்.

"அப்படியென்றால் அவர் எழுதிய கடிதங்கள்?"

"ஒவ்வொரு கடிதத்துக்கும் கோப்பை எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள்." மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னான். மீதிச் சாண்ட்விச்சைத் தாளில் சுற்றினான்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நாங்கள் மற்றக் கட்சிக்கு நிண்டனாங்கள் எண்டு. அதுதான் வெட்டிப்போட்டாங்கள்."

"அவனுக்கு எங்கட பேரே தெரியாது."

"உமக்கு இந்த அரசியல் விளங்காது. தம்பிக்கு இப்ப ஒண்டும் எழுதாதையும். எங்கட ஆள் அடுத்தமுறை திரும்பி வருவார். அப்ப பாப்பம்."

"அடுத்தமுறையோ? அவன் குடும்பத்தோட விறாந்தையில கிடக்கிறான், தெரியுமோ உங்களுக்கு? அடுத்தமுறையாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமில்லை அவருக்கு. களைத்துப்போன ஆளைப் போல இருந்தார். நானும் களைத்துத்தான் போயிருந்தேன். கத்துவதற்குக்கூடச் சக்தி இல்லை.

சாம்பியாக்காரர்கள் தவணை தொடங்குமுன் பதில் கேட்டிருந்தார்கள். கடிதம் போய்ச் சேர நாள் பிடிக்கும். மறுநாள் மதிய இடைவேளையில் மேலங்கியோடு தபால் கந்தோருக்குப் போனேன். கணவரும் வந்தார். வரச் சொல்லவில்லை, தானாக வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். அவருக்கு இது பிடிக்கவும் இல்லை, என்னைத் தடுக்கவும் இல்லை.

தந்திப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். இங்கே இடம் கிடைக்காது. காத்திராதே. சாம்பியாவுக்குப் போ. அக்கா.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் வாசித்துவிட்டு, இதே கட்டணத்தில் இன்னும் சில சொற்கள் சேர்க்கலாம், அன்போடு என்று போடட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அன்போடு என்று போட்டால் அவன் இருந்துவிடுவான்.