பாசி படியாத கண்ணாடி

நான்கு வருடங்களுக்கு முன், வடமராட்சிக் கடற்கரையிலிருந்து ராகலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியையாக இடமாற்றம் கிடைத்து வந்த முதல் வருடத்தில் நடந்தது இது.

என் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். கடல்வாழ் உயிர்கள் பற்றிய பாடம் தொடங்கிய அன்று, கடலைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். நான்கு கைகள்தான் உயர்ந்தன. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நான் தவழ்ந்த இடமே கடற்கரை மணல். இவர்களுக்கு ஒரு வாளி கடலையாவது கொண்டுவந்து காட்டிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனவள், திரும்பும்போது இரண்டு பெரிய பிளாஸ்டிக் கான்கள் நிறையக் கடல்நீர் கொண்டுவந்தேன். அலை அடிக்கும் பாறையிலிருந்து எடுத்த ஏழு சின்ன நத்தைகளும், பச்சை பிடித்த நாலைந்து கூழாங்கற்களும் மூடி போட்ட ஒரு வாளியில் என் மடியிலேயே வந்தன. பஸ் வளைவுகளில் திரும்பும் போதெல்லாம் உப்புத் தண்ணீர் தளும்பிச் சேலை நனைந்தது. ஆய்வுகூடத்தில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியைக் கழுவி, குளிருக்கு ஒரு ஹீட்டரும் மேலே ஒரு விளக்கும் பொருத்தினேன்.

மீன் வளர்க்கும் சிநேகிதி ஒருத்தி தொலைபேசியில் எல்லாம் சொல்லித் தந்திருந்தாள். புதிய உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முதலில் மண்ணிறத் தூள் மாதிரி ஒரு பாசி படியுமாம். பிறகு அது குறைந்து பச்சைப் பாசி வருமாம். பார்க்க அழுக்குப் போல இருந்தாலும் பயப்படக் கூடாது, தொட்டி உயிர் பிடிக்கிறது என்று அர்த்தம், நத்தைகளுக்குச் சாப்பாடும் அதுதான் என்றாள். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பாடசாலை அதிபருக்குச் சொன்னேன். பெற்றோர் கூட்டத்தில்கூட எழுந்து நின்று சொன்னேன்.

ஆனால் பாசி வரவில்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். பிள்ளைகள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து பார்த்துவிட்டு, "இன்னும் வரல டீச்சர்" என்று முகம் வாடிப் போவார்கள். கூழாங்கற்களில் இருந்த பச்சையும் காணாமல் போனது. நத்தைகள் தின்று தீர்த்துவிட்டன என்று நினைத்தேன். விளக்கைக் கூடுதல் நேரம் எரியவிட்டேன். முட்டைக்கோவா இலையை அவித்துப் போட்டேன், நத்தைகள் கிட்டவும் போகவில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் பிடி தளர்ந்து கீழே விழுந்தன. நான்காவது வாரம் மிஞ்சியது மூன்றுதான்.

ஒரு வியாழக்கிழமை வழக்கமான பஸ்ஸுக்கு முந்திய பஸ் கிடைத்து, நேரத்தோடு போய்விட்டேன். ஆய்வுகூடக் கதவு திறந்திருந்தது. பாடசாலையைக் கூட்டித் துடைக்கும் அக்கா தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு துணியால் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்து வெளுப்பாக்கிய கூழாங்கற்கள் வரிசையாக இருந்தன.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"என்ன வேலை செய்யிறீங்கள்? ஆர் உங்களை இதிலை கை வைக்கச் சொன்னது?" என்று கத்தினேன். வந்துகொண்டிருந்த பிள்ளைகள் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவர் பயந்து கையை எடுத்தார். "அழுக்குப் புடிக்குதுங்க டீச்சர்... நீங்க அம்புட்டுத் தூரத்துலேருந்து மடியில வச்சுக் கொண்டாந்த தண்ணி. அழுக்கா கெடந்தா நல்லாவா இருக்கும்? சவுக்காரம் ஒண்ணும் போடலீங்க" என்றார்.

"அந்த அழுக்குத்தான் அதுகளின்ரை சாப்பாடு! இவ்வளவு நாளும் நீங்கள்தான் அதுகளைப் பட்டினி போட்டுச் சாகடிச்சிருக்கிறீங்கள்!"

அவர் கற்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. திங்களும் வரவில்லை. பாடசாலை விட்டதும் ஒரு மாணவியிடம் வழி கேட்டுக்கொண்டு தோட்டக் குடியிருப்பு வரிசையில் இருந்த அவருடைய லய வீட்டுக்குப் போனேன். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். பிளேன்டீ கொண்டுவந்து நீட்டியபோதுதான் அந்த விரல்களைப் பார்த்தேன். பாடசாலை வேலை முடிந்தபிறகு தேயிலைக் கொழுந்து பறிக்கவும் போகிறவர். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களில் நீளநீளமாக வெடிப்பு. இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"இந்தக் கையோடேயா உப்புத் தண்ணிக்குள்ளை...?" என்றேன்.

"சுருக்குன்னு ஏறுந்தான். ரெண்டு மூணு நாள்ல பழகிருச்சுங்க" என்று சிரித்தார்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "அக்கா, பிள்ளைகளுக்கு முன்னாலை அப்பிடிக் கத்தினது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"ஐயோ, எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க டீச்சர். வாயில்லாத சீவனைப் பட்டினி போட்டுட்டோமேன்னு இருந்துச்சு. எந்த மொகத்தோட வந்து நிக்கிறது? யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேனே."

அவர் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனாலும் அது என்னைச் சுட்டது. ஊரெல்லாம் கூட்டிப் பாசி பற்றிப் பிரசங்கம் செய்தவள், தினமும் அந்த அறையை முதலில் திறக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

அடுத்த நாள் காலை வகுப்புத் தொடங்குமுன் நாங்கள் இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். சிநேகிதி எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். பிள்ளைகள் கேட்காத கேள்விகளை அவர் கேட்டார். ஒரே வாரத்தில் கண்ணாடியில் மண்ணிறத் தூள் படிந்தது. பிறகு மெல்லிய பச்சை. மூன்று நத்தைகளும் அதில் வளைந்து வளைந்து மேய்ந்த தடத்தைப் பார்த்து, "கவ்வாத்து வெட்டுன மலையாட்டம் இருக்குல்ல டீச்சர்" என்றார் அக்கா, தேயிலைச் செடிகளைத் தறித்துவிட்ட மலைச்சரிவை நினைத்து. ஒருநாள் மூலையில் வழுவழுவென்று சிவப்புச் சவ்வு ஒன்று படர்ந்தபோது, "இது நல்லதா படல, நத்தையும் ஒதுங்கிப் போவுது" என்று முதலில் கண்டவரும் அவர்தான். சிநேகிதியிடம் கேட்டேன். அகற்ற வேண்டியதுதான் என்றாள். இந்தமுறை துணியை நான் எடுத்தேன்.

தவணை விடுமுறைக்குத் தொட்டியை அவரிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். விளக்கைப் போட்டு அணைக்கவும், வற்றிய அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றவும் சொல்லியிருந்தேன். திரும்பி வந்த அன்று என் பையைக்கூட இறக்க விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு கூழாங்கல்லின் மேல் குங்குமம் சிந்தினாற்போல இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. கல்லோடு கல்லாக இறுகி வளரும் கடற்பாசி அது. தண்ணீர் நன்றாகப் பக்குவப்பட்ட தொட்டியில்தான் வரும் என்று சிநேகிதி சொல்லியிருந்தாள்.

"நல்லதா கெட்டதான்னு தெரியல. தேய்க்கணும்னு கை பரபரன்னு வந்துச்சு. டீச்சர் வந்து பாக்கட்டும்னு தொடவே இல்ல" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நல்லது அக்கா, மிகவும் நல்லது என்று சொல்வதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போதும் ஒருவர் மீது கோபம் பொங்கி வரும்போதெல்லாம், இதை நான் இவருக்குச் சொன்னேனா, சொல்ல வேண்டிய ஒருவராக இவரை நினைத்தேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் அதற்குமேல் கத்த எனக்கு வாய் வருவதில்லை.