நூற்று அறுபத்தெட்டு சென்ரிமீற்றர் மெழுகுதிரி

2023 நவம்பர் 18, சனிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். வெளியே இரண்டு பாகை, தூறல். வீட்டின் நான்கு யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றேன். வாடகை ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறது: குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை அறைக் காற்றை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். இரவெல்லாம் சூடாக்கிய காற்றை விடிந்ததும் வெளியே அனுப்பும் இந்த வழக்கத்தை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். பீலெஃபெல்டுக்கு வந்த புதிதில் நானும் நம்பவில்லை. பிறகு சுவர் நம்ப வைத்தது. 5.50க்கு யன்னல்களை மூடி, தேநீர் போட்டு, மேசையில் பயணத் திட்டத்தை விரித்தேன்.

மன்னாரிலிருந்து ரீற்றா அக்கா டிசம்பர் 9ஆம் திகதி வருகிறார். வயது அறுபத்தாறு, இரண்டு முழங்காலிலும் வருத்தம், முப்பது நாள் விசா. 14ஆம் திகதி வியாழன் முதல் சனி வரை கெல்ன் நகரத்தையும் அயலூர்களையும் காட்டுவதாக ஏற்பாடு. நான் சமையலறை அலுமாரிக் கதவுக்குப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அளவு பார்ப்பவன். திட்டமும் அப்படியே அமைந்தது. கெல்ன் பேராலயக் கோபுரத்துக்கு ஐந்நூற்று முப்பத்துமூன்று படிகள் என்பதால் அது நீக்கப்பட்டது. ப்ரூல் அரண்மனை டிசம்பரில் பூட்டு. வேலிக்கு வெளியே நின்று பார்க்க இருபத்தைந்து நிமிடம். பொன் என்னும் ஊரில் நத்தார்ச் சந்தை, ஒரு மணித்தியாலம். பொழுது நாலரைக்கு முன்பே சாய்ந்துவிடும். கெல்னில் அக்கா உட்காரக்கூடிய எட்டு வாங்குகளைப் படத்தில் குறித்திருந்தேன். அவற்றில் மூன்றுக்கு மேலே கூரை உண்டு.

அக்கா சுற்றிப் பார்க்க மட்டும் வரவில்லை. நேர்த்திக்கடன் ஒன்று தீர்க்க வருகிறார். அது என்னால் வந்தது.

1990இன் கடைசியில் அகதியாக வந்த என்னை சோஸ்ட் என்னும் சிறு நகரத்தின் முகாமில் விட்டார்கள். வழக்கு முடியும்வரை அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அக்கா கடிதத்தில் எழுதியிருந்தார்: கெல்னில், வெள்ளியைப் பார்த்துப் பாலனைத் தேடிப்போன மூவிராசாக்களின் கல்லறை இருக்கிறதாம், அவர்களும் தூரதேசம் போனவர்கள்தானே, நீ போய் மன்றாடு. பக்கத்து நகரத்துக்குப் போகத் தடை என்று பதில் எழுதினால், மன்னாரில் அதைச் சிறை என்றுதான் வாசிப்பார்கள். சோஸ்டில் பச்சைக் கல்லில் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று உண்டு. அதற்கும் இரட்டைக் கோபுரம். ஒரு பக்கம் சாரம் கட்டியிருந்தார்கள். கெல்னிலும் எப்போதும் எங்காவது சாரம் நிற்குமாம் என்று முகாமில் ஒருவர் சொன்னார். சோஸ்ட் தேவாலயத்துக்கு முன்னால் நின்று, அவரையே படம் எடுக்கச் சொன்னேன். பின்பக்கத்தில் ‘கெல்ன் பேராலயம், 1991’ என்று எழுதி அனுப்பினேன்.

அக்கா அந்தப் படத்தில் விரலை வைத்து நேர்ந்தாராம்: தம்பிக்கு விசா கிடைத்தால், இந்தக் கோயிலில் அவன் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவேன். உயரத்தைக் கேட்டு எழுதினார். முகாம் வைத்தியர் அளந்ததை அனுப்பினேன்: 168. விசா 1998இல் கிடைத்தது. சண்டை ஓய்ந்த பிறகு மூன்று தடவை ஊருக்குப் போனேன். மூன்று தடவையும் படம் சாப்பாட்டு மேசைக்கு நேரே சுவரில் இருந்தது. மூன்று தடவையும் மற்றப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிட்டேன்.

இனித் திரும்பி இருக்க இடமில்லை. பெட்டியில் வைப்பதற்காக அக்கா மெழுகுதிரியை நான்கு துண்டாக வார்ப்பிக்கப்போகிறார், ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு. மூன்றைக் கெல்னில் அக்கா கொளுத்தட்டும், திரும்பும் வழியில் ஏதாவது சாட்டுச் சொல்லி ஒன்றைச் சோஸ்டில் கொளுத்தலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். போன புதன்கிழமை சோஸ்ட் தேவாலய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு மீற்றர் அறுபத்தெட்டு மெழுகுதிரி கொளுத்த முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மா யாருடைய இறுதிச் சடங்கு என்றார். சடங்கு இல்லை, அது என்னுடைய உயரம் என்றேன். அவர் மிகவும் கனிவான குரலில், நான் இப்போது தனியாகவா இருக்கிறேன் என்று விசாரித்து, மனக்கவலை உள்ளவர்கள் அழைக்கும் இலக்கம் ஒன்றைத் தந்தார். குறித்துக்கொண்டேன். பிறகு நான்கு துண்டு என்பதை விளக்கியதும், வாசலருகே மணல் தொட்டி இருக்கிறது, ஐம்பது சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் நடலாம், எரியும்வரை யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார்.

பத்து மணிக்கு என் மனைவி மலர் திட்டத்தை எடுத்து வாசித்தாள்.

“இஞ்சேருங்கோ, ட்ரெயின் மாறுற ஹம்மிலயிருந்து நேர வீட்ட ட்ரெயின் இருக்கு. பிறகென்னத்துக்குச் சோஸ்டில ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிஷம்?”

“அக்காவுக்குக் கால் ஆற.”

“எட்டு வாங்கிலயும் ஆறாத காலோ?”

படத்தின் கதையைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்து மறுபடி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்த மனுசி மூட்டு வருத்தத்தோட கடல் தாண்டி வந்து, பிழையான கோயிலில கொளுத்திப்போட்டு, கடன் தீர்ந்துது எண்டு போகப் போறா. நீங்கள் களவா ஒரு துண்டு கொளுத்தினாச் சரி வருமோ? ஆண்டவரென்ன நீங்கள் வேலை செய்யிற ஃபப்றிக்கோ, அரை மில்லிமீற்றர் விட்டுக்குடுக்க? இண்டைக்கே அக்காவுக்குச் சொல்லுங்கோ.”

பகல் இரண்டு மணிக்கு, மன்னாரில் மாலை ஆறரைக்கு, அழைத்தேன். மலர் தன் முகம் திரையில் விழாத தூரத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள்.

“அக்கா, அந்தப் படம் கெல்ன் இல்லை.”

“எந்தப் படம்?”

“சுவரில கிடக்கிறது. அது சோஸ்ட். அப்ப எங்களைக் கெல்னுக்குப் போக விடேல்லை.”

“ஆர் விடேல்லை?”

“சட்டம்.”

அக்கா எழுந்து போய்க் கைத்தொலைபேசியைப் படத்துக்கு நேரே பிடித்தார். வேறு யாருடையதோ தடித்த மேலங்கியுடன், இருபத்திரண்டு வயதில், நான் திரையில் நின்றேன்.

“மேல பொம்பர் பிளேன் சுத்தச் சுத்த, இதை நெஞ்சுக்க வைச்சுக்கொண்டு மடுக் கோயில் மட்டும் நடந்தனான்,” என்றார். “இது எங்கட கத்தோலிக்கக் கோயில்தானோ?”

“இல்லை அக்கா. புரட்டஸ்தாந்து.”

அக்கா கைத்தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினார்.

“கெல்ன் எண்டதும் பொய். எங்கட கோயில் எண்டதும் பொய். உன்ர உயரமாவது உண்மையோடா?”

“ஓம் அக்கா. ஆஉஸ்வைஸிலயும் கிடக்கு.”

“உன்ர அடையாள அட்டை ஆருக்கு வேணும். நாளைக்கு அளந்து சொல்லு. மெழுகுதிரிக்காரன் செவ்வாய்க்கிழமைதான் வார்க்கிறான்.”

“அப்ப கெல்னில கொளுத்துவமோ?”

“விசரே உனக்கு? நான் கெல்னைப் பாத்தோ நேர்ந்தனான்? உனக்குப் பின்னால நிண்டதைப் பாத்தெல்லோ நேர்ந்தனான். அங்க கூட்டிக்கொண்டு போ. நாலு துண்டும் அங்கதான்.” பிறகு, “கெல்னையும் காட்டு. வாறது வாறன்,” என்றார்.

பின்னேரம் திட்டத்தை முதலிலிருந்து எழுதினேன். வியாழன் காலை சோஸ்ட், மூன்று மணித்தியாலம். கெல்ன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது; வாங்குகள் எட்டில் இரண்டு குறைந்தன. ப்ரூல் வேலியை விட்டுவிட்டோம். காரணம் எழுதும் கட்டத்தில் சோஸ்டுக்கு நேரே முதலில் ‘ரயில் மாற’ என்றிருந்தது. வெட்டிவிட்டு ‘நேர்த்திக்கடன்’ என்று எழுதினேன். சனிக்கிழமையில் இரண்டாவது தடவை யன்னல் திறக்கும் நேரம் இரவு ஏழு மணி. திறந்தேன், மூடினேன்.

நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. 5.40க்கு எழுந்து, யன்னல்களைத் தொடாமல், சமையலறைக் கதவுச் சட்டத்தோடு முதுகை ஒட்டி நின்றேன். மலர் தூக்கக் கண்ணோடு தட்டையான புத்தகம் ஒன்றை என் தலையில் வைத்துப் பிடித்தாள். மூன்று தடவை அளந்தோம். 167. காலையில் மனிதன் சற்று உயரமாக இருப்பான். அதையும் சேர்த்துத்தான் 167. அக்காவுக்கு எழுதினேன். பூசை முடிந்து வந்திருப்பார் போலும், உடனே குரல் பதிவு வந்தது: “நூற்றி அறுபத்தெட்டுத்தான் வார்க்கச் சொல்லுவன். அங்க நிண்டவன்ர அளவெல்லோ நேர்ந்தனான். நீ வந்து பக்கத்தில நில்.”

கதவுச் சட்டத்தில் கோடு போட ஒப்பந்தம் அனுமதிக்காது. 167இல் ஒரு கோடும் அதற்கு மேலே 168இல் ஒரு கோடும் பென்சிலால் மெல்லப் போட்டேன். பிறகு யன்னல்களைத் திறந்தேன். பதினாறு நிமிடம் பிந்திவிட்டது.