ஐஸுக்குள் ஐந்து போத்தல்கள்

மனைவியின் அக்கா அமெரிக்காவிலிருந்து கொழும்புக்கு வந்தபோது ஐந்து சின்னப் போத்தல்களைக் கொண்டுவந்தார். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகளுக்கான ஊசிமருந்து அது. சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்திருந்த காலம் என்பதால், அதை வாங்கிவர முல்லைத்தீவிலிருந்து நானே போனேன்.

எங்கள் டொக்டர் முன்பே விளக்கியிருந்தார். "மாரியில வாற சளிக்கிருமி பெரியாக்களுக்கு வெறும் தடிமன். இந்தப் பிள்ளையின்ர நெஞ்சு தாங்காது. தடுப்பூசி எண்டால் உடம்பைப் பழக்கும். இது அப்பிடியில்லை, கிருமியை எதிர்க்கிற சாமானையே நேராக் குடுக்கிறது. ஒரு மாசத்தில கரைஞ்சுபோம். அதால மாசத்துக்கு ஒண்டு." இங்கே கிடைக்காது, யாராவது கொண்டுவந்தால் போட்டுவிடுகிறேன் என்றார். பிள்ளை இரண்டு முறை மூச்சுத் திணறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். யமலோகம் போயாவது கொண்டுவந்திருப்பேன்.

மச்சாள் போத்தல்களைத் துவாயில் சுற்றி, குளிர்ப்பைகளுக்கு நடுவே குளிர் காக்கிற ரெஜிபோம் பெட்டியில் வைத்துத் தந்தார். "தம்பி, குளிராயிருக்க வேணும். ஆனா உறைய விட்டிடாதேங்கோ."

"எனக்கே ஐஸ் பழக்கிறியளோ மச்சாள்?" என்று சிரித்தேன். எங்கள் பக்கத்து நாயாற்று இறாலை ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவதுதான் என் தொழில். ஒரு பெட்டிகூடப் பழுதானதில்லை. அவ்வளவு திமிர்!

திரும்பும் வழியில், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து, கொளுத்தும் வெயிலில் வைத்துவிட்டார்கள். திருப்பித் தந்தபோது குளிர்ப்பைகள் தொளதொளவென்றிருந்தன. கனகராயன்குளத்தில் பஸ் நின்றபோது, தேத்தண்ணிக் கடையடியில் எனக்குத் தெரிந்த பொடியனின் மீன் லொறி நின்றது. குளிரைத் தடுக்கிறதே என்று துவாயை உருவி எறிந்தேன். அவனிடம் வாங்கிய நொறுக்கிய ஐஸ், குளிரை இன்னும் ஏற்ற மேலே உப்பு, இறாலுக்கு அடுக்குகிற அதே அடுக்கு.

"இனி நாளை வரைக்கும் கரையாது அண்ணை," என்றான் அவன். நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன், மடையன்.

ஒட்டுசுட்டானில் திறந்து பார்த்தால், ஐந்தும் வெள்ளைக் கல்லாகக் கிடந்தன. ஐயோ, மச்சாள் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. போத்தல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிச்சத் தூரம் வந்தேன். ஊர் வரும்போது மருந்து பழையபடி தெளிந்துவிட்டது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உறைந்த இறாலை யாரும் வீசுகிறார்களா என்று வழிநெடுக எனக்கு நானே வாதாடினேன்.

ஆஸ்பத்திரியில் மனைவி பிள்ளையோடு காத்திருந்தாள். டொக்டர் ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவா இருக்குது. இனிக் கொஞ்சம் பயமில்லாம இருங்கோ, தங்கச்சி. சொந்தக்காரரை வந்து பாக்க விடலாம்."

மாதக்கணக்கில் ஒருவரையும் அண்டவிடாமல் பிள்ளையை நெஞ்சோடு வைத்திருந்தவள், அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். டொக்டர் மருந்தை ஊசியில் இழுத்தார். தாதி பிள்ளையின் தொடையைத் துடைத்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"டொக்டர், அது உறைஞ்சு போனது."

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். "எத்தினை?"

"அஞ்சும்."

"உறைஞ்சால் இது பழுது. இனி இது மருந்தில்லை." கோபப்படாமல்தான் சொன்னார். மனைவியின் பக்கம் திரும்பினார். "மாரி முடியுமட்டும் வெளிச்சனத்தோட பழகிறவை ஒருத்தரும் பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாது."

சந்தையிலும் துறையிலும் நாள்முழுக்கச் சனத்தோடு இடிபடுகிறவன் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். வீடு வந்ததும் மனைவி என் பாயை எடுத்து விறாந்தையில் போட்டாள். "இஞ்சருங்கோ, இனி உள்ளுக்க வராதேங்கோ."

மழை கொட்டிய அந்த மாதங்களில், உள்ளே ஒரு இருமல் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. "மூச்சு ஒழுங்கோ?" என்று யன்னலடியில் நின்று கேட்டபடியே இருப்பேன். மகள் முதன்முதலில் சிரித்ததை மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

மாரி போனபின் டொக்டர் சரி என்றார். குளித்து, வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு பிள்ளையைக் கையில் வாங்கினேன். என்னை உற்றுப் பார்த்தாள். யாரோ அந்நியன் என்று வீறிட்டாள்.

"தாங்கோ, பயப்பிடுறாள்." மனைவி கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. முகம் சிவக்க, ஒரு திணறலுமில்லாமல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று வைத்துக்கொண்டு நின்றேன்.