கேட்டால் சொல்வார்

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் ஒரு வேளைகூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை. பருப்பில் உப்பு கொஞ்சம் குறைந்தால் போதும், “உப்பு இன்னும் கொழும்புலேருந்து லொறியில வந்துக்கிட்டிருக்கா?” என்பார். தேயிலை பெக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவர். அவர் கேலி எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். பக்கத்துக் காம்பராக்காரிகள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க” என்பேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பல் விளக்கும்போது அவருக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது. நுவரெலியாவில் ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டரம்மா கம்ப்யூட்டரில் மூளைப் படத்தைக் காட்டி, நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டார். மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை.

“கை கால் தேறிடும், பேச்சும் வரும். ஆனா இந்த இடத்துல அடைப்பு வந்தா, தானா எதையும் ஆரம்பிக்கிறது குறையலாம். கேட்டா பதில் சொல்வாரு. அவரா பேச்செடுக்கிறது கஷ்டம். கட்டாயம் அப்படித்தான்னு இல்ல, வாய்ப்பு அதிகம். சாப்பாட்டுல உப்பையும் குறைச்சிடுங்க.”

அவர் வாயைப் பற்றி இந்தப் படத்துக்கு என்ன தெரியும் என்று எனக்குக் கோபம் வந்தது.

கை தேறியது. தண்ணீர் கொட்டும் பீலிக்குத் தனியாகப் போய்க் குளிக்கவும் செய்தார், நான் போகச் சொன்னால். சொல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மனுசன் தங்கமாயிட்டாரு” என்றார்கள் பக்கத்துக் காம்பராவில். அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு அவருடைய கேலி வேண்டியிருந்தது.

உப்பைக் குறைக்கத்தானே சொன்னார்கள். நான் அடியோடு நிறுத்தினேன். சப்பென்ற பருப்பு, சப்பென்ற ரொட்டி. இதற்காவது வாய் திறக்கமாட்டாரா? எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டு வாங்கும் பதில் எனக்கு வேண்டாம். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். நாக்குக்கு ருசியும் போய்விட்டது என்று நினைத்து, பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரம்மா, “வீட்டுல தானா பேசுறாரா?” என்று கேட்டார்.

“பேசுறாரு” என்று துணிந்து பொய் சொன்னேன். “உப்பு பத்தலன்னு ஒரே சண்டை.”

டொக்டரம்மாவுக்குச் சந்தோஷம். என் கணவர் பக்கம் திரும்பி, “சாப்பாடு எப்படிங்க ஐயா?” என்றார்.

“உப்பே இல்ல” என்றார் இவர். “ரொம்ப நாளா.”

“கொஞ்சம் போடலாம்மா” என்று டொக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தை சொல்லாமல், அத்தனை நாளும் சாப்பிட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, அளவாக உப்புப் போட்டுப் பருப்பு வைத்தேன். “உப்பு எப்படிங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“சரியா இருக்கு.”

இப்போதெல்லாம் ஒவ்வொரு வேளையும் நானே கேட்கிறேன். அவரும் சொல்கிறார். சொல்லி முடித்த பிறகும், அந்த லொறி வருகிறதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.