வட்டமான ஓட்டைகள்

கண்ணாடிப் பெட்டியின் மேல் சுண்டுவிரலை வைத்து நம்மவர் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். "இந்தத் தோல் வாரைப் பாருங்க மாஸ்டர். ஓட்டை எப்படி இருக்கு? இப்ப அந்தப் பக்கம் இருக்கிற வாரைப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சொல்லல" என்று அவர் தொடங்கினால் நாம் வசதியாக உட்கார்ந்துகொள்வது நல்லது. மாஸ்டருக்கு அது தெரியாது, நின்றுகொண்டே கேட்கிறார். மாஸ்டர் என்பவர் எங்கள் தெருமுனையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். புஜம் ஒவ்வொன்றும் என் தொடை அளவுக்கு இருக்கும். பித்தப்பையில் கல், எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தப் புஜங்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறார். அறுவைக்குப் பயந்தவர்களைப் பிடித்து இங்கே கூட்டிவருவதுதான் நம்மவரின் ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்த வாரம் மாஸ்டர் அகப்பட்டார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

பழைய ஆஸ்பத்திரியின் மேல்மாடி இது. இந்த ஊரில் முதன்முதலாக மயக்க மருந்து கொடுத்து ஓர் ஆளுக்கு அறுவை செய்த கூடம், இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. கூரையில் கண்ணாடி. கீழே ஒடுக்கமான மர மேஜை. அதன் அடியில் ரத்தத்தை வாங்கிக்கொள்ள மரத்தூள் நிரப்பிய பெட்டி. சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்த்த மரப்படிகள். பஞ்சு வைத்த ஒரு கண்ணாடிக் குடுவையைத் தனி மேடையில் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் முதல் நோயாளியின் மூக்கருகே பிடித்தார்களாம். அவர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர், கழுத்தில் கட்டி. எல்லாம் முடிந்து கண் விழித்தவர், தன் தொப்பியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சண்டை போட்டாராம். வருகிறவர்கள் எல்லாரும் குடுவையைத்தான் சுற்றி நிற்பார்கள். நம்மவர் அதை ஏறிட்டும் பார்க்க மாட்டார். நேரே வார்களிடம் போவார்.

வார்களிடம் போவதற்குக் காரணம் உண்டு. அவர் பைகளும் பெட்டிகளும் பழுது பார்க்கிறவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை, அதன் மாடியில் என் அறை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெழுகுவத்தித் துண்டு இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பையின் ஜிப்பில் அதைத் தேய்த்துவிடுவார், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ஆளின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. "அந்தப் பச்சை ரெக்ஸின் வந்துட்டுப் போச்சு" என்பார். வந்துபோனது கல்லூரிப் பேராசிரியராக இருக்கும். நான் அவருக்கு நெடுநாள் 'கைப்பிடி போன பெட்டி'யாகத்தான் இருந்தேன்.

தெரு அவருக்கு வைத்த பெயர் 'பெல்ட்'. அடிவயிற்றில் குடலிறக்கம் அவருக்கு. அறுவை செய்துகொள்ளாமல், குடலை உள்ளே அமுக்கி வைக்கத் தானே ஒரு பெல்ட் தைத்துப் போட்டுக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலைப்பாடு. இரட்டைத் தோல், செம்பு ரிவிட்டு, உள்ளே கம்பளி மெத்தை. ஒவ்வொரு விடுமுறைக் காலம் முடிந்ததும் அதில் ஒரு முன்னேற்றம் செய்வார். பழக்கமே இல்லாதவர்களிடமும் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். "கடையில வாங்கினா இந்தத் தையல் வருமா சார்?" வராதுதான். குடலுக்கு மட்டும் அந்தத் தையலின் அருமை தெரியவில்லை. தும்மினால் வெளியே எட்டிப் பார்த்துவிடும்.

பெல்ட்டுக்காரர் எதையும் தூக்கக்கூடாது. தூக்கவேண்டியதையெல்லாம் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் வீட்டம்மா, தூக்கினார். கடையில் பெட்டிகளை மேல்தட்டில் ஏற்றுவதும் இறக்குவதும் அவர்தான். சமையல் கேஸும் அவர்தான், தண்ணீர்க் குடமும் அவர்தான். அவர் பெரிய பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றும்போது இவர் பக்கத்தில் வெறுங்கையோடு நின்று, "மெதுவா, மெதுவா, இடது பக்கம்" என்று வழி சொல்வார். "கடையில ஆம்பள ஒருத்தர் இருக்காரு. வாய்க்கு மட்டும் பெல்ட் போடல" என்று வீட்டம்மா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அறுவையைத் தள்ளிப்போட அவரிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. "லீவு முடியட்டும், ஊருக்குப் போறவங்க பெட்டியெல்லாம் வரும்." லீவு முடியும். "ஸ்கூல் திறக்குதே, பசங்க பையெல்லாம் குவியுமே." பள்ளி திறந்து நெடுநாளாகும். "மழை வரட்டும்." மழைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஈரத்தில் தோல் இளகும் என்று பேச்சைத் தொழிலுக்குத் திருப்பிவிடுவார். ஒருமுறை குடல் வெளியே வந்து மாட்டிக்கொண்டது. வலியில் கடைத் தரையில் உருண்டவரை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எப்படியோ கையாலேயே உள்ளே தள்ளிவிட்டு, வீட்டம்மாவைத் தனியே அழைத்தார். "அடுத்த தடவை மாட்டிக்கிச்சுன்னா குடல் அழுகிடும்மா. ஆளே போயிடலாம். இவரைச் சம்மதிக்க வைங்க." வீட்டம்மா அழுது பார்த்தார், கோபித்துப் பார்த்தார், பேசாமலும் இருந்து பார்த்தார். இவர் பெல்ட்டில் இன்னொரு ரிவிட்டு அடித்தார்.

உண்மையான காரணம் எனக்கு என் பெட்டியால்தான் தெரிந்தது. கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஏன் சார், வயித்தைத் திறந்து வச்சிருக்கும்போது பாதியில முழிச்சிக்கிட்டா என்ன பண்ணுவாங்க?" அப்படியெல்லாம் ஆகாது என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்? தூங்கறவனுக்கு வலிக்கலைன்னு யார் பாத்தா? வாயைத் தொறக்க முடியாம உள்ளுக்குள்ள கத்திக்கிட்டு இருப்பானோ என்னவோ." வீட்டம்மாவிடம் சொல்லக்கூடாது என்று கைப்பிடிமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அருங்காட்சியகத்துப் பொறுப்பாளர் அம்மா கடைக்கு வந்தார். மேஜையின் பழைய தோல் வார்கள் காய்ந்து வெடிக்கின்றன, எண்ணெய் போட்டு இளக்கித் தர முடியுமா என்று கேட்டார். நம்மவர் தன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனார். பெட்டியை அன்றைக்கும் வீட்டம்மாதான் சுமந்தார். இறக்கி வைத்துவிட்டுக் கடையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அதன்பின் நடந்ததைப் பொறுப்பாளர் அம்மா எனக்குச் சொன்னார், அவரும் சொன்னார். இரண்டும் அநேகமாக ஒத்துப்போவதால் நம்புகிறேன்.

முதல் வார் படுமோசமாக இருந்ததாம். பக்கிள் மாட்டும் ஓட்டைகள் ஒவ்வொன்றும் கிழிந்து, நீண்டு, ஒன்றோடு ஒன்று சேர்ந்து போயிருந்தன. எண்ணெய் மட்டும் போட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வருமா? அளவாக ஒரு தோல் துண்டு வெட்டி, பசையும் தடவி, கிழிசலை மூடி ஒட்டப்போகிற நேரத்தில் பொறுப்பாளர் அம்மா பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"ஐயோ, அதை அடைச்சிடாதீங்க! அந்தக் கிழிசலைக் காட்டத்தானே இந்த ரூமே இருக்கு!"

"கிழிஞ்சதைக் கிழிஞ்சபடியே விடணுமா மேடம்? என் தொழில்ல இப்படி ஒரு ஆர்டர் வந்ததே இல்லியே."

"மயக்க மருந்து வர்றதுக்கு முன்னாடி, ஆளைக் கட்டிப்போட்டுத்தான் அறுத்தாங்க. வலி தாங்காம அவங்க இழுத்த இழுப்புங்க அது."

அவர் கையிலிருந்த வாரைக் கீழே வைத்துவிட்டார். தோலை அப்படிக் கிழிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது தோல்காரருக்குத் தெரியாதா? முகம் வெளுத்துவிட்டது, தண்ணீர் கேட்டார் என்கிறார் பொறுப்பாளர் அம்மா. தண்ணீர் கேட்டதை மட்டும் அவர் மறுக்கிறார். எழுந்து போய்விடலாம் என்று கருவிகளைக் கட்டும்போதுதான் இரண்டாவது வார் கையில் தட்டுப்பட்டது.

"இதை யாரும் உபயோகிக்கலையா மேடம்? புதுசாட்டம் இருக்கே ஓட்டை."

"அதுதான் ரொம்ப வருஷம் உபயோகத்துல இருந்தது. மயக்க மருந்து வந்ததுக்கப்புறம் போட்ட வார். தூக்கத்துல உருண்டு விழுந்துடக்கூடாதுன்னு சும்மா கட்டுவாங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாரை வெளிச்சத்தில் பிடித்தார். தோல் தேய்ந்து பளபளத்தது. பக்கிள் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது. உபயோகித்த வார்தான், சந்தேகமில்லை. ஆனால் ஓட்டை வட்டமாக இருந்தது. சுண்டுவிரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். அடுத்த ஓட்டையும் வட்டம். அதற்கடுத்ததும் வட்டம். மாணவர்கள் நின்ற மரப்படியில் போய் உட்கார்ந்தவர், வாரை மடியில் போட்டுக்கொண்டு உரக்கச் சிரித்தாராம்.

"ஒருத்தன்கூட இழுக்கல மேடம்! ஒருத்தன்கூட இழுக்கல!"

பிறகு என்னிடம் விளக்கினார். "மனுஷன் சொன்னா நம்ப மாட்டேன். டாக்டர் சொன்னா சுத்தமா நம்ப மாட்டேன். தோல் சொல்லுது, எப்படி சார் நம்பாம இருக்கறது? உள்ளுக்குள்ள கத்தியிருந்தா கை இழுத்திருக்காதா?"

அன்றைக்கே கடைக்குத் திரும்பி, "பையை எடு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். வீட்டம்மா பதறிப்போய், "மறுபடி மாட்டிக்கிச்சா?" என்றார். "மாட்டல. மாட்டறதுக்கு முன்னாடி போறோம்." அந்த வாரம் பள்ளி திறப்பு, கடை வாசல் வரை பைகள். வீட்டம்மாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "ஸ்கூல் திறக்குதேங்க?" என்று கேட்டுவிட்டார். "திறக்கட்டும்!"

அறுவைக் கூடத்தில் ஒரு சிக்கல் வந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா அவர் கையை ஒரு பட்டையால் கட்டினார். அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை. நம்மவர் அதைத் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஓட்டையே இல்லை! ஓட்டை இல்லாத வாரை வைத்துக்கொண்டு பின்னால் எதைச் சரிபார்ப்பது? "டாக்டரம்மா, நான் ஒண்ணும் சொல்லல..." என்று தொடங்கினார். அதற்குள் மருந்து வேலை செய்துவிட்டது. வாழ்நாளில் அந்த வாக்கியம் பாதியில் நின்றது அந்த ஒரு தடவைதான். கண் விழித்தபோது பக்கத்தில் வீட்டம்மா இருந்தார். "...ஆனா அந்தப் பட்டையில ஓட்டை இல்ல" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார். வீட்டம்மா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். இடையில் என்ன நடந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது ஏதோ கோட்டையைப் பிடித்தவர்போல் நெஞ்சை நிமிர்த்துகிறார்.

அதற்குப் பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமைகள். எண்ணெய் போட்டு இளக்கிய இரண்டு வார்களும் இப்போது பக்கம் பக்கமாகக் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கண்புரைக்காரர், மூலக்காரர், மூட்டு மாற்றப்போகிற தையல்கார அம்மா என்று பலரை இங்கே கூட்டிவந்துவிட்டார். வராதவர்களைப் பையோடு பிடித்துவைத்துக்கொள்வார். "ஜிப் ரெடியாகல. ஞாயித்துக்கிழமை என்னோட வாங்க, அங்க தரேன்."

மாஸ்டர் குனிந்து பார்க்கிறார். முதல் வாரில் அவருடைய பார்வை நெடுநேரம் நிற்கிறது. பலத்தை அறிந்தவர் ஆயிற்றே. பிறகு இரண்டாவது வார். அவருடைய தடித்த சுண்டுவிரலும் கண்ணாடிமேல் மெல்ல ஒரு வட்டம் போடுகிறது.

"இழுக்கவே இல்லியே" என்கிறார் மாஸ்டர்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்கிறார் நம்மவர். இந்தத் தடவை உண்மையாகவே வேறொன்றும் சொல்லவில்லை. படி இறங்குவதற்குள் மாஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டு, தேதி கேட்டுவிட்டார்.

கடைக்குத் திரும்பியபோது உள்ளே நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு பழைய இரும்புப் பெட்டி கிடந்தது. அதற்கு நம்மவர் புதுக் கைப்பிடி போட்டிருந்தார்: இரட்டைத் தோல், செம்பு ரிவிட்டு. எங்கோ பார்த்த தோலாக இருக்கிறதே என்று குனிந்தேன். அந்த பெல்ட்டேதான். "நல்ல தோல் சார். வீணாக்குவாங்களா?" என்றார். தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிச் சில மாதங்களாகிவிட்டன. ஆனாலும் வீட்டம்மாவின் கைகளுக்கு அது இன்னும் பழகவில்லை. நம்மவர் மேல்தட்டைப் பார்த்ததுமே வீட்டம்மா எழுந்து வந்து, பெட்டியைத் தூக்க வழக்கம்போல் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தக் கைகளில் வைத்தார். "இதை மட்டும் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார்.