கோல் பிடிக்க ஓர் ஆள்

எங்கள் ஸ்டோல்வைக் ஊரில் வீடு அசையாது, தோட்டம்தான் இறங்கும். வீடுகள் ஆழத்தில் அடித்த தூண்கள்மேல் நிற்கின்றன. தோட்டமோ வெறும் சதுப்பு மண். சில வருடங்களுக்கு ஒருமுறை மணல் கொட்டி உயர்த்திக் கல் பதிக்காவிட்டால் பின்வாசலில் இறங்க ஏணிதான் போட வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் தெருவே கூப்பிடுவது லேண்டெர்ட்டை. அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்திலிருந்தே தெரியும் என்பதால் அவன் என்றே சொல்கிறேன்.

முன்பெல்லாம் தம்பி பாஸ்தியானும் கூட வருவான். அண்ணன் முக்காலிமேல் இருக்கும் மட்டக்கருவிக்குள் ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பான். தம்பி தோட்டத்தின் மறுகோடியில் அளவுகோலைப் பிடித்து நிற்பான். ஏத்து, இறக்கு என்று கத்துவதற்கு நடுவே கால்பந்து, மாமியார் சண்டை, நேற்று தீய்ந்துபோன சூப் எல்லாம் வரும். அவர்கள் குடும்பக் கதை தெருவுக்கே மனப்பாடம்.

பிறகு லேண்டெர்ட் லேசர் மட்டக்கருவி வாங்கினான். அது தானாகச் சுற்றும். கோலில் மாட்டிய சின்னப் பெட்டி, மட்டம் சரியாக வந்தால் விடாமல் பீப் அடிக்கும். ஒருவனே போதும். பாஸ்தியான் கொஞ்ச நாள் கால்சட்டைப் பையில் கைவிட்டு நின்று பார்த்துவிட்டு, சீஸ் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சலே அதில்தான். சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்து வைத்திருப்பேன். பிறந்தநாள்களில் மட்டும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் காபியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லேண்டெர்ட் கல்யாணம் செய்துகொள்ளாதவன். மதிய ரொட்டியை வேனுக்குள் தனியாகச் சாப்பிடுவான். ஒருநாள் சூப் கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னான்: "தூக்கத்துலயும் அந்தப் பீப் கேக்குதுக்கா. பதில் சொல்லலாம்னு பாத்தா எதிர்ல ஆளே இல்ல."

சூப் ஆறுகிறது, குடி என்று மட்டும் சொன்னேன்.

போன இலையுதிர் காலத்தில் என் தோட்டத்தின் முறை வந்தது. என் பக்கத்து வீடு பாஸ்தியானுடையது. லேண்டெர்ட் லேசரை முக்காலியோடு மெத்தென்ற மண்ணில் நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினான். எங்கள் ஊரில் முக்காலியும் மெல்ல மண்ணுக்குள் போகும். வீட்டோடு அசையாமல் நிற்கும் வாசற்படிக்கு அடிக்கடி வந்து உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். தம்பி இருந்தவரை அவன்தான் அதை நினைவூட்டுவான். பெட்டி நினைவூட்டாது. மட்டமே கீழே போய்விட்ட பிறகும் அது நம்பிக்கையோடு பீப் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மழை. கடைசியாகக் கல் பதித்த பக்கம் தாழ்ந்திருந்ததால் என் தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் பாஸ்தியானின் பின்வாசலுக்குப் போயிற்று. அவன் ரப்பர் செருப்போடு வேலியோரம் வந்து நின்றான். பல வருடங்களுக்குப் பிறகு, வேலை இடத்தில் அண்ணனிடம் முதல் பேச்சு.

"உன் லேசர் என் சமையலறைக்கு வாய்க்கால் வெட்டியிருக்கு."

லேண்டெர்ட் சமையலறையில் நின்ற என்னைத் தாண்டித் தெருவில் நின்ற வேனுக்குப் போனான். கோலிலிருந்த பெட்டியைத் திறந்து பேட்டரியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை ஜன்னல் வழியே பார்த்தேன். வேனில் சாமான்களுக்கு அடியிலிருந்து பழைய மட்டக்கருவியை எடுத்தான். தூக்கிப் போட்டிருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

திரும்பி வந்தவன் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பேட்டரி தீந்துபோச்சு. கோல் பிடிக்க ஆள் வேணும்."

பாஸ்தியான் நகரவில்லை. போடா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் லேண்டெர்ட் இனி யாரையும் எதற்கும் கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்தபடியே நின்றேன்.

தம்பி வேலியைத் தாண்டி வந்து கோலை வாங்கி வாசற்படியில் நிறுத்தினான். அண்ணன் கண்ணை இடுக்கினான். முதலில் எண்கள் மட்டும்தான் வந்தன. பிறகு ஏத்து, இறக்கு. பிறகு பாஸ்தியானின் மாமியார் கதை.

இருட்டும் நேரத்தில் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவன், வேலியருகே நின்று அண்ணனின் சட்டைப் பையைக் காட்டினான்.

"பை துருத்திக்கிட்டு இருக்கு பாரு. நாளைக்குக் கிடங்குல வேலை முடிஞ்சு வரேன். அதுவரைக்கும் அது தீந்தே இருக்கட்டும்."